படிவாசலுக்கு முதுகு காட்டிய மலை

மலைக்கு முதுகு கிடையாது என்று எங்கள் சித்தப்பா சொல்வார், கோயில் கமிட்டிக் கூட்டத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு அவர் எழுந்தால் பேச்சு இதில்தான் ஆரம்பிக்கும், இதற்கு அடுத்த அடி ஒன்று உண்டு, அதில் மனிதனோ முகமோ வரும், அது எனக்கு ஞாபகமில்லை, ஊரில் கேட்டுப் பார்த்தேன், ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பாதிச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு இருபத்திரண்டு வருஷம் பினாங்கில் இருந்துவிட்டு நான் ஊர் திரும்பிய மறு வருஷம், மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், கருக்குமலை எங்கள் ஊரான படிவாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஒரு பனை சாயவில்லை, அடிவாரத்தில் கட்டிக்கிடந்த ஆடுகளில் ஒன்றுகூடக் கயிற்றை அறுக்கவில்லை, தூங்குகிற பிள்ளை புரண்டு படுப்பதுபோல மலை புரண்டு நின்றிருந்தது. பால் கறக்கப் போன ராக்கம்மாள்தான் முதலில் பார்த்தாள். "படியக் காணோமே" என்றாள், சொல்லிவிட்டுக் கறக்கப் போய்விட்டாள், மடி கட்டிய மாடு மலைக்காகக் காத்திருக்காதல்லவா.

உச்சியில் இருக்கும் ஆண்டவரைப் பார்க்க ஆயிரத்து நூற்றுப் பதினொரு படி. அதில் முதல் பதினெட்டு எங்கள் முன்னோர்கள் போட்டது, ஒவ்வொன்றிலும் போட்டவன் பேர் வெட்டியிருக்கும், பங்குனியில் மாலை போட்டு வருகிற சாமிகள் அந்தப் பேர்களின் மேல் கற்பூரம் ஏற்றிவிட்டுத்தான் ஏறுவார்கள். அந்தப் பேர்களின் மேல் இப்போது, மூன்று கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு போக வேண்டிய கள்ளிப்பாறையில், வெள்ளாட்டுக் குட்டிகள் படுத்து அசைபோட்டன. கள்ளிப்பாறை முப்பத்தெட்டு வீடு. அந்த முப்பத்தெட்டு வீட்டுக்காரர்களில் ஒருவரும் அந்தப் பதினெட்டுப் படியில் கால் வைத்தது கிடையாது. எங்கள் தெரு வழியாக வரும்போது தோள்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், மலைக்குப் போக வேண்டுமென்றால் பின்பக்கத்து முள்பாதையில் ஏறிப் பத்தொன்பதாவது படியில் வந்து சேர்ந்துகொள்ள வேண்டும், யாரும் எழுதி வைக்காதது, எல்லாருக்கும் தெரிந்தது. மலை திரும்பியதில் அந்த முள்பாதை எங்கள் தெருமுனையில் வந்து நின்றது, பதினெட்டுப் படியும் அவர்கள் குடிதண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய் இறங்கியிருந்தது.

வெளியூர்ச் சாமிகளுக்கு இதில் ஒரு கவலையும் இருக்கவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள், "படி எங்கிட்டு?" என்று கேட்டார்கள், கையை நீட்டிய பக்கம் நடந்தார்கள். அவர்கள் பின்னாலேயே ஆட்டோ போயிற்று, இளநீர் வண்டி போயிற்று, செருப்புப் பாதுகாக்கிறவன் சாக்கை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான், நாற்பது வருஷமாக எங்கள் முக்கில் இருந்த கற்பூரக் கடைக்காரர் ஒரு வாரம் ரோஷத்தோடு உட்கார்ந்திருந்துவிட்டு எட்டாம் நாள் விடியலில் யாருக்கும் சொல்லாமல் போனார். நில அளவையர் வந்து இரண்டு நாள் சங்கிலி பிடித்தார். மலையின் பரப்பளவு அப்படியே இருக்கிறது, நான்கு எல்லையும் சரியாக இருக்கிறது, திரும்பி நிற்பதைக் குறிக்கப் படிவத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டு மோர் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

டீக்கடையில் காரணம் கண்டுபிடித்தார்கள். "கள்ளிப்பாறைக்காரன் வச்ச செய்வினைதான் மாமா, வேற என்ன?"

"மலையத் திருப்புற அளவுக்குச் செய்வினை தெரிஞ்சவன் எதுக்குய்யா இத்தன வருஷம் உன் வயல்ல வந்து நாத்து நட்டான்?" என்று கேட்டார் டீ மாஸ்டர். அப்புறம் பத்து நாள் அவர் கடையில் ஒருவரும் டீ குடிக்கவில்லை.

போலீஸ் போய்க் கேட்டதற்குக் கள்ளிப்பாறையில் சொன்னார்களாம்: "நாங்க என்ன பம்பரமா விட்டோம்? தூங்கி எந்திரிச்சோம், வாசல்ல படி இருந்துச்சு. வாசல்ல வந்து நின்ன சாமியக் குச்சியெடுத்து வெரட்டவா முடியும்?"

எங்கள் ஊரில் முதல் பரிவட்டம் வயிரவசுந்தரம் அவர்களுக்கு, அதாவது பங்குனித் தேர் அன்று முதல் படியில் நிறுத்தி ஆண்டவர் மேல் கிடந்த பட்டுத்துணியை அவர் தலையில்தான் முதலில் கட்டுவார்கள், அவர் அப்பாவுக்கும் அப்படித்தான் கட்டினார்கள். படியே போய்விட்டது, எங்கே நிறுத்திக் கட்டுவது? அவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "தம்பி, ரெண்டு பாஷையும் தெரிஞ்ச ஆளு நீதான். எழுது" என்றார். எழுதினேன். கலெக்டருக்குத் தமிழிலும் கோர்ட்டுக்கு ஆங்கிலத்திலும் எழுதினேன், மலையைச் சிலர் திருப்பிவிட்டார்கள் என்று ஒன்றிலும் திருடிவிட்டார்கள் என்று மற்றதிலும் எழுதினேன், ஊருக்கு வந்தவனை ஊர்க்காரனாக ஒருவர் பார்க்கிறாரே என்று உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பதில் வரவில்லை. அதற்குள் கள்ளிப்பாறைப் பாலை எங்கள் சொசைட்டியில் ஊற்றவிடாமல் நிறுத்தினோம். அவர்கள் மேற்குக் கண்மாயில் எங்கள் மாடு இறங்காதபடி முள் வெட்டிப் போட்டார்கள். களையெடுக்க அவர்களைக் கூப்பிடுவதில்லை என்று முடிவெடுத்தோம். கூப்பிட்டாலும் வருவதில்லை என்று அவர்கள் முந்தின நாளே முடிவெடுத்திருந்தார்கள். இப்படியே மாசி போயிற்று.

பங்குனி பிறந்ததும் வயிரவசுந்தரம் தலைமையில் நாங்கள் அறுபது பேர், தையிலேயே தொடங்கியிருந்த நாற்பத்தெட்டு நாள் விரதம் முடிந்து, மஞ்சள் வேட்டியும் கழுத்தில் மாலையும் கையில் மூங்கில் தடியுமாக, உப்பும் மிளகும் தேங்காயும் கட்டிய முடிச்சைத் தலையில் வைத்துக்கொண்டு, சரண கோஷம் போட்டபடி மலையைச் சுற்றிக் கள்ளிப்பாறைக்கு நடந்தோம். பினாங்குக்குக் கப்பலேறிய வருஷம், நல்லபடியாகத் திரும்பினால் நடந்து ஏறுகிறேன் என்று நான் வேண்டிக்கொண்டது பாக்கியிருந்தது. ஊர் முகப்பில் ஒரு முள்படல் போட்டிருந்தார்கள். படலுக்குப் பின்னால் இருளாண்டியின் பெண்சாதி பேச்சி நின்றிருந்தாள், அவளுக்குப் பின்னால் ஊர் நின்றிருந்தது.

"வாங்க சாமி" என்றாள், குரலில் அப்படி ஒரு பணிவு. "தோள்ல கெடக்குற துண்ட எடுத்துக் கக்கத்துல வச்சுக்குங்க."

அறுபது துண்டும் தோளிலேயே கிடந்தன.

"பெறகு அந்தப் பதினெட்டுப் படியில கால் வைக்கக் கூடாது சாமி. ஓரமா முள்ளு வழியா ஏறிப் பத்தொம்பதுல சேந்துக்கங்க. நாங்க பழகுன வழிதான். ரொம்பத் தைக்காது."

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். வயிரவசுந்தரத்தின் கழுத்து நரம்பு எழும்பியது. "யார்கிட்டப் பேசுறோம்னு தெரிஞ்சு பேசுறியா?"

"தெரியாம என்ன சாமி. மாலை போட்டா எல்லாரும் சாமிதானே, அதான் பேரச் சொல்லாம நிக்கிறேன்."

எங்கள் பக்கத்திலிருந்து ஒரு தேங்காய் பறந்து போய் அவள் தோள்பட்டையில் உடைந்தது. ஆண்டவருக்கு உடைக்கக் கொண்டுபோன தேங்காய், நாற்பத்தெட்டு நாள் உப்புக் குறைத்துப் பாயில் படுத்த கையால் எறிந்தது, யார் கை என்று பிறகு கேட்டபோது அறுபது பேரும் நான் இல்லை என்றார்கள், நானும் நான் இல்லை என்றேன், அது உண்மைதான், ஆனால் என் பக்கத்திலிருந்துதான் போயிற்று. அப்புறம் அந்தப் பக்கமிருந்து கல் வந்தது. நாங்கள் மாலையோடு ஓடிவந்தோம். ஏறாமல் மாலையைக் கழற்றுவது எங்கள் ஊரில் அதுவரை நடந்ததில்லை.

மலையை இழுத்துக்கொண்டு வந்துவிடுவது என்று முதலில் சொன்னது யார் என்று தெரியாது, சொன்னதும் ஒருவரும் சிரிக்கவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் அங்கே இருந்தேன். தேர் நகர்கிறது, தேரும் மரத்தால் ஆன மலைதானே என்றார்கள். நான்கு தேர்வடம் இருக்கிறது. வீட்டுக்கு ஒரு கை என்பது தேர் முறை, ஒரு வீட்டுக் கை குறைந்தாலும் ஆண்டவர் அசைய மாட்டார், நானூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கும் நானூற்றுப் பன்னிரண்டு கை வடத்தில் இருக்க வேண்டும். மூன்று இழுப்பு. எல்லாம் சரி, முட்டுக்கட்டைக்கு என்ன செய்வது என்று ஒருவர் கேட்டதும் எல்லாரும் வயிரவசுந்தரத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுவது கள்ளிப்பாறை இருளாண்டியின் குடும்பம். அந்த ஊரிலிருந்து எங்கள் தேருக்குப் பக்கத்தில் வரக்கூடிய ஒரே குடும்பம். ஒவ்வொரு இழுப்பு முடிந்ததும் அவன் கட்டையைச் சக்கரத்தடியில் செருகுவான், அவன் எடுத்தால்தான் அடுத்த இழுப்பு, திருவிழா முடிந்ததும் எல்லாரும் கோயில் மரியாதை வாங்கிப் போனபிறகு ஒரு வேட்டியைத் தரையில் வைப்பார்கள், அவன் எடுத்துக்கொள்வான். அவன் அப்பா காய்ச்சலில் கிடந்த ஒரு வருஷம் கட்டைக்காரன் இல்லாமலே இழுத்துத் தேர் பூக்காரத் தெருவுக்குள் இறங்கி மூன்று பேரை அரைத்தது. அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்து ஆள் சக்கரத்தடியில் குந்தாமல் எங்கள் ஊரில் யாரும் வடத்தைத் தொடுவதில்லை. நானும் இருளாண்டியும் அஞ்சாங்கிளாஸ் வரை ஒரே வகுப்பு. என்னை அனுப்பினார்கள்.

அவன் வாசலில் உட்கார்ந்து புதிதாக ஒரு வாகைக்கட்டையைச் செதுக்கிக்கொண்டிருந்தான். ஒரே வகுப்பில் படித்தவனை ஐயா என்று கூப்பிட அவனுக்கு வாய் வரவில்லை, பேர் சொல்லிக் கூப்பிடவும் முடியவில்லை, என்னைக் கூப்பிட வேண்டிய இடத்திலெல்லாம் ஒருமுறை இருமினான்.

"பரிவட்டம் உனக்கு" என்றேன். "முதல் படியில, ஊர் முன்னால. வயிரவசுந்தரம் அவர் கையால கட்டுவார். உனக்கப்புறம் உன் மகனுக்கு."

இருமினான். "எங்கப்பா ஒருக்கா அதக் கேட்டாரு. தெரியும்ல?"

"தெரியும்."

"என்ன கெடச்சதுன்னும் தெரியும்ல?"

தெரியும். தேர் நிலைக்கு வந்து சேரும்வரை கட்டையைத் தலையில் சுமந்துகொண்டு வெயிலில் நிற்க வைத்தார்கள். நாங்கள் பள்ளிக்கூடத்து ஜன்னல் வழியாகப் பார்த்தோம், இருளாண்டியும் என் பக்கத்தில் நின்றுதான் பார்த்தான்.

"மலை நகந்தா எங்க வீடெல்லாம் என்னாகும்?" என்று கேட்டான். வீடுகளுக்கு நேர் மேலே சரிவில் குட்டியானைப் பாறை உட்கார்ந்திருந்தது, ஒரு சின்ன மண்மேட்டில் முட்டுக்கொடுத்துக்கொண்டு.

"ஒரு ஓடு விழாது. மாசியில திரும்புனப்ப விழுந்துச்சா?"

"அது தானாத் திரும்புனது."

உள்ளேயிருந்து பேச்சியின் குரல் வந்தது. தோளில் கட்டுப் போட்டிருந்தாள். "பினாங்குல இவுக எத்தன மலைய இழுத்திருக்காகன்னு கேளு."

அவள் நிலைப்படிக்கு வந்து நின்றாள், என்னைப் பார்க்காமல் அவனிடம் சொன்னாள்: "ஏற்கெனவே ஊருக்குள்ள ஒன்னயப் படிவாசல் நாயின்னுதான் சொல்றாக. நான் இல்லேன்னு சண்டைக்குப் போறேன். நீ அங்க போயிக் கட்டையத் தொட்டா, பெறகு நானும் அப்பிடித்தான் சொல்லுவேன். மக பச்சப்புள்ளையோட உள்ள கெடக்கா, நெனப்பிருக்கட்டும்."

அவன் உளியைக் கீழே வைத்தான். "நான் வரலேன்னா?" என்று கேட்டான்.

"நீ வரலேன்னாலும் இழுப்பாங்க" என்றேன்.

அவன் வராவிட்டால் ஒருவரும் வடத்தைத் தொட்டிருக்க மாட்டார்கள். அது எனக்குத் தெரியும். பூக்காரத் தெருவில் மூன்று பேரை அரைத்த தேரை அவனுக்கும் தெரியும், கட்டையில்லாமல் இழுக்கிற மலை என்ன செய்யும் என்று யோசித்தபடி அவன் வெகுநேரம் அந்தப் பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பங்குனி உத்திரத்தன்று காலையில், மலையின் தென்தோளில் துருத்திக்கொண்டிருந்த யானைக்கால் பாறையில் நான்கு வடத்தையும் சுற்றிக் கட்டி, சங்கு ஊதி, தேங்காய் உடைத்து, ஊரே வரிசையில் நின்றோம். இது தேர் அல்ல மலை, கை நழுவக் கூடாது என்று வயிரவசுந்தரம் சொன்னதால் ஒவ்வொரு வீட்டுக் கையையும் மணிக்கட்டில் மஞ்சள் துணியால் வடத்தோடு சேர்த்துக் கட்டினார்கள், ஈர முடிச்சு, பல்லால் கடித்தாலும் அவிழாதது. என் கையையும் கட்டினார்கள். இருளாண்டி வந்தான். கட்டையும் மரச்சுத்தியலும் தோளில் இருந்தன, துண்டு கக்கத்தில் இருந்தது, ஒருவரோடும் பேசாமல் மலை மண்ணைத் தொடுகிற இடத்தில் போய்க் குந்தினான்.

முதல் இழுப்பில் எங்கள் முதுகெலும்புதான் நகர்ந்தது. இரண்டாவது இழுப்பில் வடம் பாடியது, மண்ணுக்கடியில் ஆட்டுக்கல் சுற்றுவதுபோல ஒரு சத்தம் வந்தது, பிறகு மெல்ல, ஒரு பெரிய மாடு மனமில்லாமல் தலையைத் திருப்புவதுபோல, கருக்குமலை திரும்பியது. உச்சியில் கோயில் மணி தானாக அடித்தது. மேற்கே கள்ளிப்பாறையில் இறங்கியிருந்த படிகள் முள்ளையும் புதரையும் துடைத்துக்கொண்டு தெற்கே சுற்றி வந்து, இரண்டு ஊர்ச் சுடுகாட்டுக்கும் நடுவில் இருக்கிற, யாருக்கும் பட்டா இல்லாத கருவேலங்காட்டில் வந்து நின்றன. அங்கே மலை நின்றது. நின்ற மறுநொடியே பின்வாங்கியது, வடம் எங்களை ஓரடி இழுத்தது, முன்வரிசையில் நான்கு பேர் முகம் குப்புற விழுந்தார்கள், அதற்குள் இருளாண்டி கட்டையைச் செருகிவிட்டான். மலை வாகைக்கட்டையின் மேல் முனகிக்கொண்டு நின்றது.

அப்போது கள்ளிப்பாறையிலிருந்து அலறல் கேட்டது. இரண்டு வீட்டுச் சுவர் விழுந்திருந்தது. குட்டியானைப் பாறைக்குக் கீழே இருந்த மண்மேடு பாதி கரைந்து, பாறை சரிவில் தலையை நீட்டிக்கொண்டிருந்தது, நாங்கள் நின்ற இடத்திலிருந்தே அது தெரிந்தது.

"இன்னும் ஒரே இழுப்பு!" என்று வயிரவசுந்தரம் கத்தினார். கையில் பரிவட்டத்தைத் தூக்கிப் பிடித்திருந்தார், சிவப்புப் பட்டு வெயிலில் மின்னியது. "எடுறா கட்டைய! இந்தா, உனக்குத்தான், எடு!"

கள்ளிப்பாறை ஜனம் கருவேலங்காட்டுக்குள் விழுந்தடித்து ஓடிவந்தது. முன்னால் பேச்சி வந்தாள், தலையெல்லாம் சுவர்மண். "எடுய்யா கட்டைய!" என்று அவளும் கத்தினாள். "எடுத்தா மல நம்ம வாசலுக்கே திரும்பிப் போயிரும்! பாறையும் பழைய எடத்துல ஒக்காந்துக்கிரும்! எடு!"

அவன் எங்கள் பக்கம் பார்த்தான். நானூற்றுப் பன்னிரண்டு கை வடத்தோடு கட்டிக் கிடந்தது. மலை திரும்பிப் போனால் அத்தனை பேரையும் பாறைக்கும் முள்ளுக்கும் மேலாக இழுத்துக்கொண்டு போகும். பேச்சியும் அதைப் பார்த்தாள். "போகட்டும்" என்றாள். "என் தோள்ல எறிஞ்ச கையும் அதுலதான் கெடக்கு. போகட்டும்."

அவன் மேற்கே பார்த்தான். நாங்கள் இழுத்து ஜெயித்தால் பாறை இறங்கும். நடக்க முடியாத கிழடுகளும் பத்து நாள் பிள்ளையோடு அவன் மகளும் இன்னும் வீட்டுக்குள் இருந்தார்கள். "வீட்டுல மக இருக்கா" என்று வயிரவசுந்தரத்திடம் சொன்னான்.

"பாறையெல்லாம் விழாது. பினாங்குத் தம்பி சொன்னாருல்ல?"

இருளாண்டி என்னைப் பார்த்தான். இருமவில்லை. நான் குனிந்து மணிக்கட்டு முடிச்சைக் கடிக்க ஆரம்பித்தேன். பக்கத்தில் நின்ற தேங்காய்க் கடை அரசப்பன் முழங்கையால் என் விலாவில் இடித்தான். "டேய், வீட்டுக்கு ஒரு கை! எடுத்தே, வீட்டக் கொளுத்திருவேன்!" முடிச்சு அவிழவில்லை. வரிசையில் வேறு எவரும் அவிழ்க்க முயலவில்லை, அவிழ்த்தால் தோற்றதாக ஆகிவிடும்.

"எடு!" என்று கிழக்கே கத்தினார்கள். "எடு!" என்று மேற்கே கத்தினார்கள். பிறந்ததிலிருந்து இரண்டு ஊரும் ஒரே வார்த்தையை ஒன்றாகச் சொல்லி நான் கேட்டதில்லை, அந்தச் சத்தத்தில் கருவேலங்காட்டுக் காக்கைகள் அத்தனையும் கிளம்பின, மலை அசைந்தது, கட்டையிலிருந்து ஒரு சிம்பு தெறித்துப் பேச்சியின் காலடியில் விழுந்தது. பேச்சி அவன் கையைப் பிடித்தாள். "எனக்காக எடுக்க மாட்டியா?" என்று கேட்டாள். வயிரவசுந்தரம் பரிவட்டத்தை அவன் தலைக்கு நேரே நீட்டினார்.

அவன் பேச்சியின் கையை விலக்கிவிட்டுச் சுத்தியலை எடுத்தான். கட்டையைக் கழற்றுவதானால் பக்கவாட்டில் தட்ட வேண்டும், இரண்டு தட்டில் வந்துவிடும். நாங்கள் காலை ஊன்றி வடத்தை இறுக்கினோம், அவர்கள் ஒதுங்கி மலைக்கு வழிவிட்டார்கள். அவன் கட்டையின் தலையில், நேராக, உள்நோக்கி அடித்தான், மறுபடி அடித்தான், கட்டையின் தலை மண்ணுக்குள் மறையும்வரை அடித்தான்.

கட்டையை இனி எடுப்பதில்லை என்று இருளாண்டி முடிவு செய்தான், மலை இரண்டு ஊருக்கும் இல்லாமல் அந்தக் கருவேலங்காட்டிலேயே நின்றுவிட்டது.